இழுத்து இழுத்துப் பிடித்த வண்டி

மாப்ள,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, ஸ்பானர் முதல் ஜாக்கி வரை பொட்டு வைத்து முடித்த கையோடு, உன் வண்டியின் பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு போல்ட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டிராக்டருக்கு பெல்ட் கேட்டு வந்த ஆள் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

“என்ன மேஸ்திரி, பெட்ரோல் ஒழுகுதா?” என்றான்.

“ஆமாப்பா, தள்ளி நில்லு” என்றேன். வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ரோட்டுக்கே போய்விட்டான்.

போல்ட்டில் சந்தன வாசனை இல்லை. பதின்மூன்று வருஷம் கழித்து எப்படி இருக்கும்? கிரீஸ் வாசனைதான் வந்தது. ஆனால் பூஜைக் கிண்ணத்தைப் பிடித்திருந்த என் விரலில் சந்தனம் மணத்தது. அது போதும். எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டது. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பேனாவைத் தேடி எடுத்து உனக்கு மடல் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அங்கே இருந்தபடி சிரித்துக்கொள். நீ பத்தாவது வரை போனவன். அதை ஆயுள் முழுக்க என்னிடம் சொல்லிக் காட்டியவன்.

நீ வளைகுடாவிலிருந்து வந்து இறங்கிய ஆடி மாதம் ஞாபகம் இருக்கிறதா? அய்யம்பேட்டையில் வீட்டுக்கு ஒருத்தர் பிளேன் ஏறிக்கொண்டிருந்த காலம். கார் கடன் வேண்டுமா என்று பேங்க்காரர்களே வீடு தேடி வந்த காலமும் அதுதான். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் கம்பளி கொண்டு வந்தார்கள், செண்டு கொண்டு வந்தார்கள். நீ டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியும் ஒரு லேப்டாப்பும் கொண்டு வந்தாய். பெட்டியிலிருந்து பூரான் கால் மாதிரி வயர்கள்.

“இதுதான் மாமா இஞ்சினோட மூளை” என்றாய், ரத்த உறவில்லாத இந்த மாமாவிடம். “கம்பெனிக்காரன் வச்சதைக் கழட்டிப் போட்டுட்டு நாம வெளியில வாங்கி வைக்கிறது. எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும், எப்பப் பொறி விடணும், எல்லாம் நாம சொல்றபடி கேக்கும்.”

“நீ சொல்றபடியா?”

“நான் சொல்றபடிதான்.”

“வண்டி பாவம்டா.”

அந்த ஊரில் வெள்ளிக்கிழமையானால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மணல்மேட்டில் வண்டி ஏற்றி விளையாடுவார்களாம். அந்த வண்டிகளுக்கெல்லாம் இந்தப் பெட்டியை வைத்து, பெட்ரோலுக்கும் பொறிக்கும் லேப்டாப்பில் எண் போட்டுக் கொடுத்தது நீதானாம். ஒன்பது வருஷம். நல்லது. ஆனால் இங்கே மணல்மேடும் இல்லை, விளையாடுகிற பிள்ளைகளும் இல்லை. இருந்தது சம்பா நடவும் சேற்றில் மாட்டிய டிராக்டரும். அதைச் சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை.

உன் சட்டைப் பையில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. ஆறு மாதத்துக்குள் போகாவிட்டால் விசா செத்துவிடும் என்று சொன்னாய். பொங்கலுக்கு மறுவாரம் பிளேன். அதற்குள் இங்கே ஒரு பிழைப்பு நிலைத்துவிட்டால் இருப்பது, இல்லையென்றால் போவது. போனால் மறுபடியும் மூன்று வருஷம். “அத்தா எங்கே?” என்று கேட்டால் உன் மகள் வீட்டில் இருந்த டெலிபோனைக் காட்டுவாள். எதிரிலேயே நீ உட்கார்ந்திருந்தாலும் டெலிபோனைத்தான் காட்டுவாள். அதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாய். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பிழைப்புக்கு நீ கண்டுபிடித்த வழி நல்ல வழிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்களை ஏற்றிப் போகிற கார். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ரோட்டோரத்து ஊர்களில் அறுபது வயது ஆகாத வீடு எது? பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, அப்பா அம்மாவுக்கு மாலை மாற்றச் சொல்கிற காலம். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினாய். புரட்டாசியில் என் பட்டறைக்குள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியை வைக்க ஆரம்பித்தாய்.

இனிமேல் வருவதுதான் உன்னிடம் நேரில் சொல்லாதது.

அந்த வருஷ ஆயுத பூஜை அன்று உன் வண்டி பாதி வேலையில் நின்றது. வயர் முனையில் மாட்டுகிற வளையம், அந்த லக்கை வாங்க நீ தஞ்சாவூர் போயிருந்தாய். நான் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். உன் வண்டிக்கு மட்டும் வைக்கவில்லை. உன் மாமனார் கண்டிப்பான மனிதர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். வண்டியைப் பார்க்க வருவார், பொட்டைப் பார்த்தால் உனக்குச் சங்கடம். ஆனால் பந்தியில் எல்லாப் பிள்ளைக்கும் சோறு போட்டுவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி விட்டது மாதிரி எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியில் தெரியாத இடமாகப் பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில், பேட்டரிக் கரண்டு வண்டி இரும்பில் சேருகிற எர்த் வயர் வரும் இடத்தில், பெயிண்டைச் சுரண்டி உப்புத்தாள் போட்டு நீ பளபளவென்று வைத்திருந்தாய். பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது. கட்டியாக, பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் நீ லக்கோடு வந்தாய். “எர்த்தை நீ முறுக்கு மாமா” என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு உள்ளே உட்கார்ந்தாய். பொட்டு காய்ந்து கெட்டியாக இருந்தது. பூஜைக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? அதன் மேலேயே வயரை வைத்து, என் பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். சாமிக்குச் சாமியும் ஆச்சு, எர்த்துக்கு எர்த்தும் ஆச்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மறந்தும் போனேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் எப்படி? க்ர்ர், க்ர்ர், க்ர்ர் என்று கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி பத்துப் பன்னிரண்டு இழுப்பு. அப்புறம் ஒரு தும்மல். அதற்கப்புறம்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் தங்கம். ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் முதல் ஸ்டார்ட்டுதான் வினை. பனி பெய்த காலை என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாம் நாளே நீ திரையைக் காட்டினாய். “செல்ஃப் அடிக்கும்போது கரண்டு பாதியா இறங்குது மாமா. பெட்டி மயங்கி விழுந்துடுது. எழுந்து, நான் யாரு, இஞ்சின் எங்க இருக்குன்னு மொதல்லேருந்து தேடுது. எர்த்தைப் பாத்தியா?”

“நான் முறுக்கின எர்த்து.”

“அதான் கேட்டேன்.”

“இருபது வருஷமா முறுக்கிட்டிருக்கேன். நீ சுண்டெலி மாதிரி ஒண்ணைக் கையில வச்சுத் தேய்ச்சுக்கிட்டு என் போல்ட்டைச் சந்தேகப்படுறியா?”

நீ லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அங்கேதான் இரண்டரை மாதம் போனது. என் ரோஷத்தில் போனது.

பேட்டரி மாற்றினேன். க்ர்ர். பிளக் நான்கும் மாற்றினேன். க்ர்ர். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கும்பகோணத்துக்கு எடுத்துப் போய்ப் புது கார்பன் போட்டு வந்தேன். க்ர்ர். பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தோம். இறங்கவில்லை. இஞ்சின் சுற்றுவதை எண்ணுகிற சென்சாரைத் தகடு வைத்துத் தள்ளினோம், தகடு எடுத்து நெருக்கினோம். நீ உள்ளே உட்கார்ந்து லேப்டாப்பில் எண்களை மாற்றுவாய். ஸ்டார்ட் ஆகும்போது ஊற்றுகிற பெட்ரோலைக் கூட்டினாய். பிளக் நனைந்தது. குறைத்தாய். இருமியது. ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதினாய். நான் ஒவ்வொரு எண்ணையும் திட்டினேன். ஐப்பசி மழை தகரத்தில் அடித்தது. அந்தச் சத்தத்திலும் க்ர்ர் தனியாகக் கேட்டது. வீட்டில் மாவு அரைக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. என் பெண்டாட்டி கிரைண்டரை நிறுத்திவிட்டு, “என்னாச்சு உங்களுக்கு?” என்பாள். “ஸ்டார்ட் ஆயிடுச்சா?” என்பேன்.

சாதாரண வாடகை வண்டியாக இருந்தால் பத்து இழுப்பு இழுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நீ ஏற்றியது அறுபதாம் கல்யாணக்காரர்களை. பாபநாசத்தில் ஒரு சொசைட்டி கிளார்க் வீடு. நானும் கூட வந்திருந்தேன், வண்டி படுத்துவிட்டால் தள்ளுவதற்கு. விடிகிற நேரம். பட்டுப்புடவை, வேட்டி, மடியில் மாலைக் கூடை, மகள், மருமகன் எல்லோரும் ஏறியாகிவிட்டது. நல்ல நேரம் பார்த்து நீ சாவியைத் திருப்பினாய்.

க்ர்ர். க்ர்ர். க்ர்ர்.

“கிளம்பும்போதே தடங்கல்” என்றது அந்த அம்மா. “எறங்குங்க எல்லாரும். உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வரலாம்.”

இறங்கினார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஏறினார்கள். க்ர்ர். மறுபடியும் இறங்கினார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெரியவர் இறங்கவில்லை. “இதுக்கு மேல தண்ணி குடிச்சா வழியில நிறுத்தணும்” என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. “அறுபது வயசுல ஆயுசுக்காகப் போறோம் தம்பி. வண்டியே இப்படி மூச்சுத் திணறுதே” என்று உன்னைப் பார்த்துச் சொன்னது. அதற்குப் பிறகு வண்டி பிடித்தது, திருக்கடையூர் போனோம், கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து உனக்கு அப்புறம் ஒரு சவாரி வரவில்லை. அடுத்த ஊரிலும் பேச்சுப் பரவிவிட்டது. மூச்சுத் திணறுகிற வண்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

மார்கழி முடியும்போது நீ எண் மாற்றுவதைக் குறைத்துக்கொண்டாய். சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாய். ஒருநாள் சொன்னாய்: “அங்க மணல்ல எத்தனை வண்டியை எழுப்பிருக்கேன். சொந்த ஊர்ல ஒண்ணை எழுப்ப முடியலன்னா, இது எனக்கான ஊர் இல்ல போல, மாமா.” 

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போக வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தாய். போகிற போக்கில் லேப்டாப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றினாய். “இதுதான் கடைசி. வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன். இல்லன்னா வண்டியை வித்துக் குடு” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தாய்.

நான் உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வேறொன்றும் தோன்றாமல், பேட்டரி இறங்கிய லாரிக்குக் கரண்டு கொடுக்கிற தடி வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை நேராக இஞ்சின் இரும்பிலும் கடித்து வைத்தேன். சாவியைத் திருப்பினேன்.

ஒரே இழுப்பு. பிடித்தது.

அணைத்தேன். வயரை எடுத்தேன். திருப்பினேன். க்ர்ர், க்ர்ர். வயரை வைத்தேன். ஒரே இழுப்பு. மாப்ள, அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் பார்க்காதது நல்லது. எர்த். இரண்டாம் நாளே நீ கேட்ட எர்த். போல்ட்டைக் கழற்றினேன். லக்குக்கு அடியில் மஞ்சளாக, கல் மாதிரி, என் பொட்டு. அங்கங்கே துருவும் பிடித்திருந்தது. போல்ட்டின் மரை வழியாகத்தான் கொஞ்சம் கரண்டு தப்பித்துத் தப்பித்துப் போயிருக்கிறது. துடைக்கக் கூடாது என்று பார்த்தவன், உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பட்டறை முழுக்கக் கோயில் வாசனை. பளபளவென்று ஆக்கி, லக்கை வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவி, பானெட்டை மூடி, கை கழுவிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்தாய்.

சாவியைத் திருப்பினாய். பிடித்தது. அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கி, மட்கார்டில் வயிற்றைச் சாய்த்துக் குனிந்து ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாய். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து, மறுபடியும் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினாய். ஒரே இழுப்பு.

“பாத்தியா மாமா? எண்ணுதான்” என்றாய். “கடைசியாப் போட்டேன் பாரு, அந்த எண்ணு.”

“ஆமா மாப்ள. எண்ணுதான்” என்றேன்.

மறுநாள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாய். நானும் வாயைத் திறக்கவில்லை. உன் எண் ஜெயித்தது என்று நம்பித்தான் நீ தங்கினாய், அதில் போய் என் பொட்டைக் கொட்டுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குத்தான் நான் வாங்கினேன் தண்டனை. பன்னிரண்டு வருஷம். டீக்கடையில், கல்யாண வீட்டில், தை மாதத்து அறுவடை மிஷின்காரர்கள் நடுவில் என்று எங்கே நான்கு பேர் கூடினாலும், “மாமா இரண்டரை மாசம் பேட்டரி, பிளக்குன்னு அலைஞ்சாரு. நான் ஒரு எண்ணு மாத்தினேன். முடிஞ்சுது. கேட்டுப் பாருங்க. என்ன மாமா?” என்பாய். நான் “ஆமாப்பா” என்று தலையாட்டுவேன். ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் உன் முன்னால் மட்டும் கோயில் மாடு. எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது தெரியுமா?

அடுத்த வருஷப் பூஜையில் நீயே கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “என் வண்டிக்கும் வைக்கிறதா இருந்தா முன் கண்ணாடியில வை மாமா. எங்க வீட்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒளிச்சு வைக்காதே.” பெருந்தன்மையாகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் வைத்தேன். உன் மாமனார்கூட அந்தப் பொட்டோடுதான் வண்டியில் ஏறினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாசியில் நீ போனாய். திருக்கடையூரிலிருந்து திரும்பி, வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். அறுபதுக்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது உனக்கு. வாரத்துக்கு ஒருமுறை ஓட்டி வைக்கச் சொல்லி உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறது.

நேற்றுக் காலையில் தங்கச்சி பட்டறைக்கு வந்தது. பூஜை சாமான்களைப் பார்த்துவிட்டு, “அவங்க வண்டிக்கும் வைங்கண்ணே” என்றது. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டிருந்தேன். வாசனை பட்டதும் தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனதிலிருந்து அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்க்கவில்லை.

“இங்கேருந்து போகாம இருந்தாங்கல்ல, அந்தப் பொங்கலப்ப? அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு இங்க வந்துட்டுத்தானே வீட்டுக்கு வந்தாங்க? வெள்ளை ஜிப்பாவுல வயித்துக்கிட்ட முழுக்க மஞ்சள். மோந்து பாத்தா சந்தனம். எந்த வீட்டு நிக்காஹுக்குப் போனீங்கன்னு கேட்டேன். ‘மாமா பட்டறையில’ன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாதும்மா” என்றேன்.

தங்கச்சி போன பிறகுதான் அந்தப் போல்ட்டில் மூக்கை வைத்தேன்.

தேய்த்த தூள் மட்கார்டில் கிடந்திருக்கிறது. அதில்தான் நீ வயிற்றைச் சாய்த்திருக்கிறாய். அன்றைக்கே உனக்குத் தெரியும். உன் எண் ஒன்றும் கிழிக்கவில்லை என்று தெரிந்தும் பன்னிரண்டு வருஷம் நான்கு பேர் நடுவில் என்னைத் தலையாட்ட வைத்திருக்கிறாய். அடப்பாவி. ஒரு மனுஷனைக் கிண்டல் பண்ண இவ்வளவு பொறுமையா? திருப்பித் திட்டவும் ஆள் இல்லாமல் போய்விட்டாய். அதுதான் எனக்கு இப்போது பெரிய எரிச்சல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எண் ஜெயிக்கவில்லை என்று தெரிந்த பிறகும், மறுநாள் எதை நம்பி, யாரை நம்பி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாய்? ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஒரு பதில் வருகிறது. அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த வண்டி இழுத்தாலும் முதலில் எர்த்தைக் கழற்றிப் பார்க்கிறேன், நானே முறுக்கினதாக இருந்தாலும். பொட்டை முன் கண்ணாடியில்தான் வைக்கிறேன். உன் நோட்டு என் கல்லாவில் இருக்கிறது. அந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

நேற்று உன் வண்டிக்கும் கண்ணாடியில் பொட்டு வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்க வண்டியை எடுத்தேன். சாவியைத் திருப்பினேன். பாதித் திருப்பிலேயே பிடித்தது. கியரில் இருந்தது. வண்டி எலுமிச்சம்பழத்தின் மேலும், பொரி மூட்டையின் மேலும், என் செருப்பின் மேலும் ஏறிப் போய்ச் சந்தனக் கிண்ணத்தில் நின்றது. செருப்பில் நான் இல்லை. பொரியைக் கூட்டி அள்ளினோம். கிண்ணம் இப்போது தட்டு.